அக்காவும் நானும் வலென்சியாவில் சாப்பிட்ட கடைகள்

அக்காவுக்கு ஒரு கதிரை காலியாக இருந்த ஊருக்குத்தான் நாங்கள் போனோம். ஸ்பெயினின் வலென்சியாவைத் தெரிவு செய்ததற்கு வேறு காரணம் இல்லை.

அக்காவின் சிறுநீரகங்கள் வேலை செய்யாமல் போய்ப் பல வருடங்களாகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் காலையில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீடுகளுக்குக் கிட்ட இருந்த டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவாள். சாய்வுக் கதிரையில் கிடந்து, இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும்வரை காத்திருப்பாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் படுக்கைதான். அடுத்த நாள் ஒரு மனுசி போல இருப்பாள். அதற்கடுத்த நாள் திரும்பவும் கதிரை.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவளின் பெயர் நெடுங்காலம் இருந்தது. அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் எங்களைக் கூப்பிட்டு, இதயம் பலவீனமாகிவிட்டது, சத்திரசிகிச்சையைத் தாங்காது, ஆகவே பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்று சொன்னார். நல்ல மனுசன். அக்கா அவருக்கு நன்றி சொன்னாள். ட்ராமில் வந்தோம். இறங்கி, மழையில் குடை விரிக்கும்போது சொன்னாள்.

"எடியே, நான் ஒருக்கா எங்கயாவது போய்ச் சாப்பிடோணும்."

"எங்க, பாரிசுக்கோ?"

"அங்க போனால் மச்சாள் வீட்டில நிக்கோணும். எங்கட சனம் இல்லாத இடத்தில."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கியது. அக்கா சாப்பாட்டில் ஆசை உள்ளவள். கல்யாண வீடு, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவள் கையில் தட்டு எடுத்தவுடன் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். "அக்கா, உருளைக்கிழங்கு உங்களுக்குக் கூடாதெல்லோ?" "சொதி விடாதேங்கோ, தண்ணி கூடிப்போகும்." "வாழைப்பழம் தொடவே ஏலாதாம் என்ன?" எல்லாரும் அன்பில்தான் கேட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டு கரண்டியைத் திரும்ப வைப்பாள். பிறகு பிறகு, வெறும் சோற்றோடு ஒரு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவளின் மகனுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். அவன் முதலில் பயந்தான். "அம்மாவால ஏலுமோ சித்தி?" என்றான். பிறகு விமானச் சீட்டை அவனே போட்டான். டயாலிசிஸ் நிலையத்துத் தாதி, விடுமுறையில் போகிறவர்களுக்கு இடம் தரும் நிலையங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டாள். தீவுகளில் எல்லாம் நிரம்பிவிட்டது. வலென்சியாவில் ஒரு சிறிய நிலையம் பெப்ரவரியில் ஒரு வாரம் கதிரை தரலாம் என்றது.

நாங்கள் இறங்கியபோது அங்கும் மழைதான். அக்கா விமான நிலைய வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இதுக்கோ வந்தனாங்கள்?" என்றாள்.

முதல் சாப்பாடு மோசமாகப் போனது. அடுத்த நாள் மத்தியானம் பெரிய தேவாலயச் சதுக்கத்தில், வாசலில் நின்று ஜெர்மன் மொழியில் கூப்பிட்ட ஒருவனை நம்பி ஒரு கடைக்குள் போனோம். சாப்பாட்டின் படங்களெல்லாம் வாசலில் பெரிதாக ஒட்டியிருந்தன. இறால் போட்ட மஞ்சள் சோறு கேட்டோம். வந்தது உறைபனியிலிருந்து எடுத்துச் சூடாக்கிய சோறு. நடுவில் இன்னும் குளிர் இருந்தது. உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. டயாலிசிஸ் ஆளுக்கு உப்பு என்றால் தாகம். தாகம் என்றால் தண்ணீர். ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைப்பது சில கோப்பைத் தண்ணீர்தான், அதற்கு மேல் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கி நெஞ்சை அமுக்கும். அக்கா நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உப்பை இதிலயோ சிலவழிச்சன்," என்றாள்.

அன்று முழுக்க ஐஸ்கட்டி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு விடுதிக் கட்டிலில் கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவோரம் தோடை மரங்கள் நின்றன. நிறையக் காய்த்து, மழையில் மினுங்கிக்கொண்டு. அக்கா அவற்றையே பார்த்தாள். தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, அவளுக்கு விலக்கு. அதிலிருக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவளை அந்த நிலையத்தில் விட்டேன். அது ஊரின் ஓரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, கீழ்த்தளத்தில் இருந்தது. சுற்றுலாக்காரர் எவரும் வரக் காரணமில்லாத இடம். வாகனம் திருத்தும் கடை, சலவைக்கடை, மருந்துக்கடை. தாதி ஊசியைப் போட்டு இயந்திரத்தை ஓட விட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "போய் ஏதும் சாப்பிடு. இஞ்ச நிண்டு என்ர முகத்தைப் பாக்காதை," என்றாள்.

நான் மழையில் நடந்தேன். ஒரு மூலையில் பெயர்ப்பலகை மங்கிப்போன கடை ஒன்று. கண்ணாடி முழுக்க நீராவி பிடித்திருந்தது. உள்ளே சத்தம். காலை பத்து மணியிருக்கும். கட்டட வேலையாட்கள், அஞ்சல்காரர், இரண்டு வயதான ஆண்கள் எல்லாரும் முழங்கை நீள ரொட்டிப் பாணை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைகளில் கச்சான் கடலைக் கோதும் ஒலிவ் கொட்டையும் சிதறிக் கிடந்தன. ஒரு பெண்பிள்ளை தனியாக இப்படியான இடத்துக்குள் போவதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் நான் தனியாக ஒரு கடையில் இருந்து சாப்பிட்டதில்லை. வீட்டில் சோறு இருக்கும்போது வெளியில் ஏன் என்றுதான் வளர்ந்தோம். ஆனால் குளிர் தாங்கவில்லை. உள்ளே போனேன்.

கடைக்காரி என்னை விட மூத்தவள். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசைக்காரரின் பாணைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, கையால் பாதி அளவு காட்டி, அப்படிப் போதுமா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

வந்த பாணைக் கடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கணவாய். இரும்புத் தட்டில் கருகக் கருகச் சுட்ட கணவாய், உள்ளிப்பூண்டும் எண்ணெயும் அடித்த வெள்ளைக் குழம்போடு. கணவாய் ரப்பர் போலாகாமல் இப்படி மெதுவாக இருக்க, அதைச் சுடத் தெரிந்த ஆள் வேண்டும். நான் பாதியைச் சாப்பிட்டேன். மற்றப் பாதியைச் சுற்றித் தரச் சொல்லி சைகை காட்டினேன். அவள் கடதாசியில் சுற்றிக்கொண்டே, யாருக்கு என்று கேட்பது போல் புருவத்தை உயர்த்தினாள். நான் நிலையம் இருந்த பக்கம் கையைக் காட்டி, மற்றக் கையில் ஊசி குத்துவது போல் செய்தேன். அவளுக்கு உடனே விளங்கியது. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் தெரிந்த விசயம். பொதியைத் திரும்ப வாங்கி, அதற்குள்ளிருந்த குழம்பைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, எலுமிச்சைத் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றினாள். உப்பைக் குறைக்கிறாள் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை, பிறகுதான் யோசித்தேன்.

டயாலிசிஸ் முடிந்து அக்கா வெளியே வரும்போது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பேருந்துத் தரிப்பிடத்தில் கூரையின் கீழ் இருந்தோம். நெடுநேரம் அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். பிறகு கடதாசியை மணந்து பார்த்தாள்.

"கணவாயோடி?"

"ஓம்."

ஆறிப்போன பாணை மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். இரண்டு பேருந்து வந்து போயின. கடைசித் துண்டையும் முடித்து விரலைத் துடைத்துவிட்டு, "நாளைக்கும் உப்பிடி ஒண்டு பிடி," என்றாள், ஏதோ நான் மீன் பிடிக்கப் போகிறவள் போல.

அதற்குப் பிறகு நாங்கள் ஊரின் நடுப்பக்கம் போகவில்லை. அக்காவால் தூரம் நடக்க முடியாது. ஒரு தெரு நடந்தால் தெருவோர வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிடுவாள். அவளை வாங்கில் இருக்கவிட்டு நான் முன்னால் போய்ப் பார்த்து வருவேன். படம் ஒட்டிய கடைகளை விட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தக் கடையிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்கிறதோ, எந்தக் கடைக்கு வேலை உடுப்போடு ஆட்கள் போகிறார்களோ அதற்குள் எட்டிப் பார்ப்பேன். சில கடைகளில் இடம் இருக்கவில்லை. ஒரு கடையில் நாங்கள் போய்ச் சேரும்போது சமையல் குசினியை மூடிவிட்டார்கள், அக்கா அந்த வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அன்று விடுதியில் வெறும் பாண்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சந்துக்குள் ஐந்து மேசை மட்டும் போட்ட கடை ஒன்று அகப்பட்டது. ஒரு மனுசன் பரிமாறினான். உள்ளே அவன் மனைவி சமைத்தாள். சமையல் ஒன்றுதான், கேட்கத் தேவையில்லை, இருந்தவுடன் வரும். அன்று கறுப்புச் சோறு. கணவாயின் மையில் வேகவைத்தது. அக்கா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். சோற்றின் அடிப்பிடித்த பகுதியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு தம்பதி சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் யாரோ வானிலை சொன்னார்கள். எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. அக்காவின் உதடும் பல்லும் கறுத்திருந்தன. பல வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு திருப்தியைக் கண்டேன்.

அந்த மனுசன் தட்டுகளை எடுத்துவிட்டுக் கேட்காமலே இனிப்பு கொண்டுவந்து வைத்தான். தோடம்பழம். வட்ட வட்டமாக வெட்டி, மேலே சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் தூவியிருந்தது.

அக்கா முள்ளுக்கரண்டியை எடுத்தாள்.

"அக்கா, உது ஏலாது," என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"நீயுமோ?"

"நாளைக்குத்தானே டயாலிசிஸ். இண்டைக்கு முழுக்க உது உடம்பில நிக்கும். உனக்கு ஏதும் நடந்தால் பொடியனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதை." கரண்டியை வைத்தாள். "பட்டியலில இருந்து எடுத்துப்போட்டாங்கள். இனி ஆருக்காக நான் காத்துக்கொண்டு இருக்கோணும்?"

அக்கா பழத்தைத் தொடாமல் எழுந்து குளிர்சட்டையைப் போட்டாள். அந்த மனுசன் தொடப்படாத தட்டைப் பார்த்து முகம் வாடினான். சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான். விளக்க எனக்கு மொழி இருக்கவில்லை.

விடுதிக்குப் போகும் வழியில் அக்கா வழமையாக இருக்கும் வாங்குகளில் இருக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க, நிற்காமல், எனக்கு முன்னால் நடந்தாள். பின்னேரம் முழுக்க சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அடுத்த நாள் காலையில் அவளை நிலையத்தில் விட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜெர்மனியில் தாதிமார் சில வேளை சொல்வார்கள், இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் மணித்தியாலத்துக்குள் கொஞ்சம் விலக்கானதைச் சாப்பிட்டால் இயந்திரமே அதை வெளியே எடுத்துவிடும் என்று. கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்து இங்கிருந்த தாதியிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, இரண்டு விரலைக் குறுக்கிக் கொஞ்சம் என்று காட்டினாள்.

நான் பேருந்து பிடித்து அந்தச் சந்துக்கு ஓடினேன். கடை திறந்திருக்கவில்லை. அவர்கள் மத்தியானத்துக்குத்தான் திறப்பார்கள். கதவைத் தட்டினேன். கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு அந்த மனுசன் வந்து திறந்தான். என்னை அவனுக்கு நினைவிருந்தது. தோடம்பழம் என்பதற்கு அங்கத்தைய சொல்லை வழியில் தொலைபேசியில் பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவன் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டு, ஈரக் கையைத் துடைத்து, பழத்தை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினான். அவசரமாகத் தா என்று சொல்லத் தெரியாமல் இருந்தேன். அவன் வெள்ளை நாரையெல்லாம் எடுத்து, மெல்லிய வட்டங்களாக வெட்டி, சீனி தூவி, கறுவாவை அப்போதுதான் உரசிப் போட்டு, ஒரு சிறு பெட்டியில் அடுக்கினான். நேற்றுப் பிடிக்காமல் போனதை இன்று சரியாகச் செய்து தருகிறேன் என்பது போல. என்னால் அவனை நிறுத்த முடியவில்லை.

திரும்பும் பேருந்து வர நேரமெடுத்தது. நான் போய்ச் சேரும்போது தாதி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். முதல் மணித்தியாலம் கடந்து கனநேரம் ஆகியிருந்தது.

அக்கா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். திறந்து காட்டினேன்.

"வடிவாய் வெட்டியிருக்கிறான்," என்றாள். "மூடாதை. அதில வை, பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

பக்கத்திலிருந்த சின்ன மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தபடி கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து, "நேற்று ஏசினதை மனசில வைக்காதை," என்றாள்.

"நீ எங்க ஏசினாய்? நான்தானே ஏசினனான்."

"ஓம், நீதான் ஏசினனீ," என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த கதிரையில் கிடந்த கிழவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நான் பழக்கடையில் ஒரு தோடம்பழம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டே போனேன். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் உரித்து இரண்டு சுளை கொடுத்தேன். அக்கா ஒன்றைத்தான் சாப்பிட்டாள். அன்று அவளுக்கு இரத்த அழுத்தம் விழுந்து, காலைத் தூக்கி வைத்து, தாதிமார் ஓடித் திரிந்தார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சனிக்கிழமை விமானத்தில் வரும்போது முழு வழியும் நித்திரை.

அந்த வருட இலையுதிர் காலத்தில் அவளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். இதயம்தான். இனி உப்பு, தண்ணீர் ஒன்றும் பார்க்க வேண்டாம், விரும்பியதைக் கொடுங்கள் என்று வைத்தியர் சொன்னபோது, அவளால் விழுங்க முடியாமல் போயிருந்தது. மகன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து நின்றான். பின்னேரங்களில் அவன் வெளியே போனதும் அக்கா, "அந்தக் கடையளச் சொல்லு," என்பாள். நான் சொல்வேன். கடைக்காரியின் தடித்த கண்ணாடியைச் சொன்னேன், சண்டை பிடித்த தம்பதியைச் சொன்னேன். கறுப்புச் சோற்றில் பட்டாணி இருந்தது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, "பட்டாணி இல்லையடி," என்றாள். அது அவள் என்னோடு கதைத்த கடைசி நாட்களில் ஒன்று.

செத்தவீட்டுக்கு மண்டபம் நிறையச் சனம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் இருந்த ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு கட்டுப்பாடாய் இருந்த மனுசி. ஒரு நாள் வாயைக் கட்டாமல் விட்டிருப்பாவே?" என்றா. சுற்றி இருந்தவர்கள் ஓம் ஓம் என்றார்கள். மகன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர்களுக்கு வேறொன்றைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

நான் இப்போதும் முதியோர் இல்லம் ஒன்றில், துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் துருக்கிக்காரர் ஒருவரின் சூப்புக்கடை இருக்கிறது. இரவு வேலைக்குப் போகிறவர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் வரும் கடை. முதல் நாள் போனபோது அவர் எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, தனியாகவா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். ஓம், தனியாகத்தான் என்றேன். ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை காட்டினார். பருப்புச் சூப் நன்றாக இருந்தது. வெளியே நிலக்கரி நிற மேகத்தின் கீழ் ட்ராம் ஒன்று வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை, போனது. நான் அவசரப்படாமல் இருந்து சூப்பை மெல்ல மெல்லக் குடித்து முடித்தேன்.